மொய் ரூபாய் 2184!

மொய் எழுதுகிற வேலையை லேசாக நினைக்காதீர்கள். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும். கூட்டல் தப்பக் கூடாது. வருகிறவர் எந்த ஊர், யார் மகன், இனிஷியல் என்ன என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்குக்கு நேரே சாம்பார் வாசனை வந்தாலும் கடைசிப் பந்தி வரை பசி தாங்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இத்தனை தகுதியும் உள்ள ஒரே ஆள் சின்ன மாமா. பண்ருட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். ஏன் என்று யாராவது கேட்டால், ''கணக்கு ஒத்து வரலை'' என்பார். அதற்கு மேல் கேட்டால் அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார் என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை.

போன வைகாசியில் என் அக்கா மகளுக்குப் பண்ருட்டியில் கல்யாணம். வழக்கம் போல மண்டப வாசலில் மாமா, நோட்டு, ஒரு மஞ்சள் பை. ராத்திரி எல்லாம் ஓய்ந்த பிறகு அம்மாவும் அக்காவும் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 101, 501, 1001 என்று வந்துகொண்டிருந்த வரிசையில் திடீரென்று அம்மாவின் விரல் நின்றது.

''என்னாடி இது? 'சின்ன மாமா... ரூபாய் 2184'ன்னு போட்டிருக்கு! 2001ன்னு எழுத வந்தவன் தூக்கக் கலக்கத்துல எழுதிட்டானா?''

பணத்தை எண்ணினோம். நாலு ஐந்நூறு, ஒரு நூறு, ஒரு ஐம்பது, ஒரு இருபது, ஒரு பத்து, இரண்டு ரூபாய் நாணயம் ரெண்டு. சுளையாக 2184. தூக்கக் கலக்கம் இல்லை. சில்லறை தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்!

''ரெட்டைப்படையில யாராச்சும் மொய் வைப்பாங்களா? காலையில போய்க் கேட்டுட்டு வாடா'' என்று அம்மா என்னை ஏவினார்.

*

மறுநாள் மாமாவின் தோப்புக்குப் போனேன். தோப்பு என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் பலா. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் இந்தப் பக்கத்து மரங்களை வேரோடு சாய்த்துப் போட்டதே, அதற்கப்புறம் அவர் புதிதாக வைத்த கன்றுகள்தான் இப்போது காய்க்கின்றன.

மாமா கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தார்.

''வாடா மாப்ளே! உங்கம்மா அனுப்பிச்சாங்களா?''

''அது எப்படித் தெரியும்?''

''2184ன்னு எழுதும்போதே தெரியும். உட்காரு. நேத்து மணமேடையில பெரியவங்க எல்லாம் என்னான்னு வாழ்த்தினாங்க?''

''பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்னு...''

''அங்கதான் கணக்கு இடிக்குது. பதினாறு போதாது மாப்ளே. பதினேழு வேணும்!''

இந்தக் காலத்தில் ஒன்றுக்கே எல்.கே.ஜி. ஃபீஸ் கட்ட முடியவில்லை. பதினேழா! ''மாமா, அந்தப் பதினாறு பிள்ளைங்க இல்லை, பதினாறு பேறுன்னு சொல்லுவாங்க'' என்று எனக்குத் தெரிந்த தமிழை எடுத்துவிட்டேன்.

''நான் சொல்றது பேறும் இல்லை, பிள்ளையும் இல்லை. நம்பர்! நம்ம சிதம்பரத்துல ஒருத்தர் கண்டுபிடிச்சது'' என்றவர், கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டு பேனாவை எடுத்தார். எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தைந்து. பஸ் பிடித்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கையில் சுளையைத் திணித்துவிட்டதால் உட்கார வேண்டியதாயிற்று. நல்லவேளை, உட்கார்ந்தேன்.

*

விஷயம் இதுதான். இரண்டு எண்களைப் பொதுவாக ஏதாவது ஒரு எண் வகுத்தால், அவை சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ம் 15-ம் சொந்தம். இரண்டும் ஐந்தாம் வாய்ப்பாட்டில் வருகின்றன. 9-ம் 10-ம் சொந்தமில்லை. 1 மட்டும் எல்லோரையும் வகுக்கும், ஆகவே அது கணக்கில் சேராது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இப்படி ஒட்டுறவு இல்லாத ஜோடியை 'சார்பகா எண்கள்' என்பார்கள்.

இப்போது அடுத்தடுத்த சில எண்களை ஒரே பந்தியில் வரிசையாக உட்கார வைக்கிறோம். உதாரணத்துக்கு 24, 25, 26, 27, 28. இதில் 25-ஐப் பாருங்கள். அது வெறும் ஐந்தைந்து. பந்தியில் வேறு யாரும் ஐந்தாம் வாய்ப்பாடு இல்லை. ஆக, 25 தனிக்கட்டை. இலைக்கு இந்தப் பக்கமும் சொந்தமில்லை, அந்தப் பக்கமும் சொந்தமில்லை.

2 முதல் 9 வரை உட்கார வைத்தால்? 5-ம் 7-ம் தனிக்கட்டை.

தனிக்கட்டையே இல்லாத பந்தி ஒன்று உண்டா? எல்லா எண்ணுக்கும் பந்தியில் ஒரு சொந்தமாவது இருக்க வேண்டும். இதுதான் கேள்வி.

இதற்கு 1940-இல் பதில் சொன்னவர் எஸ்.எஸ்.பிள்ளை. முழுப் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். பல்கலைக்கழகம் தொடங்கிய 1929-லேயே அங்கே வேலைக்குச் சேர்ந்து, 1941 வரை இருந்தவர்.

அவர் நிரூபித்தது: பந்தியில் பதினாறு பேர் வரைக்கும் நீங்கள் எங்கிருந்து ஆரம்பித்தாலும் சரி, நூறிலிருந்து, லட்சத்திலிருந்து, கோடியிலிருந்து... ஒரு தனிக்கட்டையாவது இருந்தே தீரும். தப்பிக்கவே முடியாது. பதினேழு பேர் ஆனால்தான், முதன் முதலாக எல்லோருக்கும் சொந்தம் அமைகிற ஒரு பந்தி கிடைக்கிறது.

அந்தப் பந்தியில் முதல் இலையில் உட்காருகிறவர்தான் 2184. கடைசி இலை 2200.

''நம்பலைன்னா நீயே பாரு'' என்று மாமா எழுதிக் காட்டினார்.

இரட்டைப்படை எண்கள் ஒன்பது. அவர்களுக்குள் இரண்டாம் வாய்ப்பாட்டு உறவு. பிரச்னையில்லை. பாக்கி எட்டுப் பேர் ஒற்றைப்படை. அவர்களுக்குத்தான் சொந்தம் தேட வேண்டும்.

2187, 2193, 2199 மூன்றும் மூன்றாம் வாய்ப்பாடு. ஒருவருக்கொருவர் சொந்தம்.

2185, 2195 இரண்டும் ஐந்தாம் வாய்ப்பாடு.

2191 ஏழாம் வாய்ப்பாடு. 2184-ம் 2198-ம் அப்படியே.

2189 பதினோராம் வாய்ப்பாடு. பந்தியின் கடைசியில் இருக்கிற 2200-ம் பதினோராம் வாய்ப்பாடு.

2197 என்பது 13 x 13 x 13. பதின்மூன்றைத் தவிர வேறு ஒன்றுமே கிடையாது. அதற்கு ஒரே சொந்தம், பதின்மூன்று இலை தள்ளி முதலில் உட்கார்ந்திருக்கிற 2184.

எட்டும் ஆயிற்று. நான் செல்போன் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தேன். மாமா சிரித்துக்கொண்டே இன்னொரு சுளை கொடுத்தார்.

''இப்போ முதல் ஆள் 2184-ஐ எழுப்பி விட்டுடு. என்னா ஆவும்?''

பார்த்தேன். 2197 தனிக்கட்டையாகிவிட்டது!

''அவரை உட்கார வெச்சுட்டு, கடைசி ஆள் 2200-ஐ எழுப்பு.''

இப்போது 2189 தனி மரம். ஓரத்தில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் போனாலும் பந்தி உடைந்துவிடுகிறது. பதினாறில் ஏன் நடக்காது என்பது அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது.

இதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு எண்களுக்குப் பொதுவான வாய்ப்பாடு, அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். பதினேழு பேர் பந்தியில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் வித்தியாசம் 16தான். ஆகவே 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு பகா எண்கள்தான் உறவு கொண்டாட முடியும். 2186 என்பது 2 x 1093. அந்த 1093 பெரிய இடத்து உறவு. ஆனால் அதனால் பந்தியில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுத்த 1093-காரர் ஆயிரத்துச் சொச்சம் இலை தள்ளியல்லவா உட்கார்ந்திருக்கிறார்!

அந்த ஆறு எண்களையும் பெருக்கினால் 30030. பந்தியில் எல்லோரோடும் 30030-ஐக் கூட்டுங்கள். உறவு அப்படியே இருக்கும். 32214-இல் ஆரம்பித்தாலும் தனிக்கட்டை கிடையாது. பத்து லட்சம் தடவை கூட்டினால் 3003 கோடியே 2184. அதில் ஆரம்பிக்கிற பதினேழு பேரும் சொந்தக்காரர்களே. வகுத்துப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். அவ்வளவு பெரிய எண்ணை எழுத ஆரம்பித்தால் மொய் நோட்டில் ஒரு வரி போதாது.

பதினேழுக்கு மேல் போனால்? 17 முதல் 430 பேர் வரை எந்தப் பந்தி போட்டாலும் இப்படித் தனிக்கட்டை இல்லாமல் அமைக்கலாம் என்று பிள்ளையே காட்டினார். அதற்கு மேல் எவ்வளவு நீளமானாலும் முடியும் என்று, ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஆல்ஃபிரட் பிராயர் 1941-இல் முடித்து வைத்தார்.

*

''இந்தப் பிள்ளை யாரு மாமா? ராமானுஜம் பேருதானே எல்லாரும் சொல்றாங்க...''

''அதான் கொடுமை'' என்றார் மாமா. அவர் அண்ணாமலையில் எம்.எஸ்ஸி. படித்தவர். பண்ருட்டியிலிருந்து மீட்டர் கேஜ் பாசஞ்சரில் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் வழியாகச் சிதம்பரம் போய் வந்த காலம். அங்கே நூலகத்தில்தான் பிள்ளையின் கட்டுரைகளை முதலில் பார்த்தாராம்.

பிள்ளை 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி, செங்கோட்டைப் பக்கம் வல்லம் என்கிற ஊரில் பிறந்தவர். ஒரு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் முடிவதற்குள் தகப்பனாரும் போய்விட்டார். படிப்பு அத்தோடு நின்றிருக்கும். அவருக்குப் பாடம் சொன்ன சாஸ்திரியார் என்ற ஆசிரியர், பையனின் மூளையைப் பார்த்துப் பண உதவி செய்து படிக்க வைத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, பிறகு சிதம்பரம்.

அதே 1940-இல் சிதம்பரத்தில் இன்னொரு பெரிய காரியமும் செய்தார். அதைச் சொல்ல மாமா என்னை முந்திரிக்கொட்டைக் குவியலுக்கு அழைத்துப் போனார்.

''மூணு சைஸ் பெட்டி இருக்குதுன்னு வெச்சுக்கோ. ஒரு கொட்டை பிடிக்கிறது, 64 பிடிக்கிறது, 729 பிடிக்கிறது. எந்தப் பெட்டியும் குறையா இருக்கக் கூடாது. 703 கொட்டையை எத்தனை பெட்டியில போடுவே?''

729 பெட்டியில் போட முடியாது. நிரம்பாது. 64 பெட்டியில் போட்டால் பத்துப் பெட்டி, 640. மீதி 63. அத்தனையும் ஒற்றைக் கொட்டைப் பெட்டி! மொத்தம் 73 பெட்டி. இன்னும் இருபத்தாறே கொட்டை கூட இருந்தால் ஒரே பெட்டியில் முடிந்திருக்கும். மண்டிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

1, 64, 729 என்பவை 1, 2, 3 ஆகியவற்றை ஆறு தடவை போட்டுப் பெருக்கியவை. அடுத்த பெட்டிகள் 4096, 15625 என்று போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை நிரூபித்தது என்னவென்றால், எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் சரி, நம் 3003 கோடியே 2184 ஆனாலும் சரி, 73 பெட்டிக்கு மேல் தேவைப்படவே படாது. 703 படுத்துகிற பாடுதான் உச்சம்!

இந்தக் கேள்வியை 1770-இல் ஆரம்பித்து வைத்தவர் இங்கிலாந்தின் எட்வர்ட் வாரிங். நாலு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று லக்ராஞ் அந்த வருடமே காட்டிவிட்டார். ஏழு தடவை, எட்டுத் தடவை என்று பெருக்குகிற பெரிய பெட்டிகளுக்கு 1936-ஐ ஒட்டிப் பிள்ளையும், அமெரிக்காவில் டிக்ஸனும் தனித்தனியாகவே வழி கண்டார்கள். ஆறு மட்டும் யாருக்கும் பிடிபடாமல் முரண்டு பிடித்தது. அதைத்தான் சிதம்பரத்தில் உட்கார்ந்து 73 என்று முடித்தார். பாக்கி இருந்த ஐந்துக்கு 37 என்று சீனாவின் சென் ஜிங்ருன் 1964-இல் முடித்தார். நாலுக்கு 19 என்பது 1986-இல்தான் முடிந்தது. முடித்த மூவரில் ஒருவர் சென்னை கணித அறிவியல் கழகத்தின் ஆர்.பாலசுப்பிரமணியன். பிள்ளை எழுப்பிய இன்னொரு கேள்வி, வர்க்கம், கனம் போன்ற எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பற்றியது, இன்னும் யாருக்கும் மசியவில்லை.

பிள்ளை 1941-இல் திருவிதாங்கூருக்கும், அடுத்த வருடம் கல்கத்தாவுக்கும் போனார். 1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, ஒரு வருடம் வந்து இருக்கச் சொல்லி அழைப்பு. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியும் அவரே. 1950 ஆகஸ்ட் 31. அவர் ஏறிய டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவை விட்டுக் கிளம்பியதும் இன்ஜினில் தீப்பிடித்து விழுந்தது. இருந்த 55 பேரும் போய்விட்டார்கள். பிள்ளைக்கு அப்போது வயது 49. மாநாடு அதற்கு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது.

அவருடைய கட்டுரைகள் எல்லாம் தொகுக்கப்பட்டுப் புத்தகமாக வந்தது 2010-இல். அறுபது வருடம் கழித்து!

*

சுளை தீர்ந்துவிட்டது. மாமா சீமெண்ணெயைத் தொட்டுக் கையில் ஒட்டியிருந்த பிசினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

''எல்லாம் சரி மாமா. அதை ஏன் மொய் நோட்டுல எழுதினீங்க? அம்மா கேட்டா என்னா சொல்றது?''

கொஞ்ச நேரம் பேசவில்லை.

''மொய்ங்கறது என்னா மாப்ளே? திரும்பி வர்ற பணம். நீ வெச்சா நான் வெக்கணும், நான் வெச்சா நீ வெக்கணும். அதுக்குத்தானே நோட்டு? நாப்பது வருஷமா இந்தக் குடும்பத்துல எல்லாக் கல்யாணத்துக்கும் நான்தான் எழுதறேன். எனக்கு ஒருத்தரும் நோட்டு போட்டதில்லை. போட வழியும் இல்லை. 2001ன்னு எழுதினாலும் அது திரும்பி வரப் போறதில்லை. சரி, நம்பராவது சொந்தக்காரங்களை உட்கார வெக்கிற நம்பரா இருக்கட்டுமேன்னு எழுதினேன்.''

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. பத்திரிகையின் பின்பக்கம் அவர் எழுதியிருந்த 2197-ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று இலை தள்ளி ஒரே ஒரு சொந்தம்.

மாமாவே சகஜமானார். ''அந்தப் பிள்ளைக்கு யாருடா சொந்தம்? அம்மா இல்லை, அப்பா இல்லை. எங்கியோ தள்ளி ஒரு வாத்தியார். அவரை எழுப்பி விட்டிருந்தா நமக்கு 73-ம் கிடையாது, 17-ம் கிடையாது. சரி, கிளம்பு. உங்கம்மாவுக்கு இந்தப் பழத்தை எடுத்துட்டுப் போ.''

வீட்டுக்குப் போய் அம்மாவிடம், ''அது ராசியான நம்பராம்'' என்று மட்டும் சொன்னேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா கணக்கைக் காதில் வாங்கவே இல்லை. ''நாப்பது வருஷமா?'' என்று அதை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

*

இந்தத் தை மாதம் மாமா தோப்பிலேயே ஒரு சின்ன வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். பத்திரிகையில் 'மொய் தவிர்க்கவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அதையெல்லாம் அம்மா லட்சியம் செய்வாரா? வாசலில் ஒரு மேஜை, புது நோட்டு, மஞ்சள் பை. ''நீதான் எழுதணும்'' என்று என்னை உட்கார வைத்துவிட்டார். கையெழுத்து கோழிக் கிறுக்கல், கூட்டலில் இரண்டு தப்பு, பாதியில் எழுந்து போய்ச் சாப்பிட்டும் விட்டேன். இருந்தாலும் நோட்டு நிறைந்தது.

சாயந்திரம் மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினார். என் பேருக்கு நேரே இருந்த தொகையில் விரல் நின்றது.

ரூபாய் 2200.

என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். கண்ணாடியைத்தான்.

''சரி மாப்ளே... ரெண்டு ஓரமும் ஆச்சு'' என்றார். ''நடுவுல பதினஞ்சு இலை போட்டு எல்லாரையும் கூப்பிடு, சாப்பிடலாம்.''